பெரட்டில் நின்ற நோய்

அன்பு மகனே,

ஹாலிஎலையில் உன் பரிசத்தன்று தட்டு மாற்றி முடித்து, எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது பெண்ணின் சித்தி சிரித்துக்கொண்டே கேட்டாளே, "ஒங்க மகனாலதான் அந்தக் கொரோனா நேரத்துல லயத்தையே மூடுனாங்களாமே, நெசமாங்க?" என்று. அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வாய் சும்மா இருக்காத ஜாதி, அவ்வளவுதான். ஆனால் நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். உங்கப்பா சட்டென்று பேச்சை மாற்றி, இந்த வருஷம் மழை பிந்திவிட்டது என்று ஆரம்பித்தார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பரிசம் போட வந்த இடத்தில் மாப்பிள்ளையின் தாய் வாயைத் திறந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்! திரும்பி வரும்போது பண்டாரவளையில் பஸ் மாறுகிற இடத்தில் நீ என் பக்கத்தில் வந்து, "அம்மா, கல்யாணம் முடியிற வரைக்கும் அந்தக் கதைய யாருகிட்டயும் எடுக்காதீங்க" என்றாய். எடுக்கத்தான் போகிறேன் ராசா. முதலில் உன்னிடம். நீ படித்து முடித்ததும் இதை அந்தப் பெண்ணிடம் கொடு. அவள் படித்துவிட்டுத் தன் சித்தியிடம் கொடுக்கட்டும்.

அவள் டவுனில் வளர்ந்த பெண், நம் தேயிலைத் தோட்டம் அவளுக்குத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். ஹல்துமுல்லைக்கு மேலே, பஸ் விட்டு இறங்கி ஏறினால் முழங்கால் விட்டுப் போகிற உயரத்தில் நம் லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் "என்னா, தொண்ட கட்டிருச்சா?" என்று கேட்பார்கள், நடுவில் இருக்கிற சுவர் அவ்வளவுதான். உங்கப்பாவுக்கு ஃபெக்டரியில் வேலை. எனக்குப் பிள்ளைக்காம்பராவில். காலையில் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். பால் கொடுக்க இடையில் ஒரு தடவை ஓடி வருவார்கள். மற்ற நேரமெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு நான்தான். சேலைத் தொட்டிலை ஆட்டுவதும், மூக்கைத் துடைப்பதும், வாயில் போட்ட கல்லைத் தோண்டி எடுப்பதும் என் உத்தியோகம். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

அந்த வருஷம் என்னிடம் இருந்த பிள்ளைகளில் தர்ஷி ஒருத்தி. நம் பக்கத்து வீட்டுச் சாந்தியின் மகள். பிறந்ததிலிருந்தே இருதயத்தில் ஓட்டை. கொஞ்சம் அழுதாலே உதடு நீலம் பாரித்துவிடும். பதுளைக்குக் கிளினிக் கொண்டு போகும்போதெல்லாம் டாக்டர்மார் ஒரே விஷயத்தைத்தான் சொல்லி அனுப்புவார்கள்: ஒப்பரேஷன் செய்கிற வரைக்கும் சளிக்காய்ச்சல் எதுவும் இந்தப் பிள்ளைக்கு அண்டக் கூடாது, அண்டினால் தாங்காது. ஆகவே அவளை நான் தொட்டிலில் போடுவதே இல்லை. காலையில் சாந்தி கொண்டுவந்து என் மடியில் வைத்தால், சாயந்திரம் அவள் வந்து எடுக்கிற வரைக்கும் மடியிலும் இடுப்பிலுமாகவே வைத்திருப்பேன். என் முகத்தில் முகத்தை ஒட்டிக்கொண்டுதான் அந்தப் பிள்ளை தூங்கும்.

நம் தோட்டத்தில் நோய்க்கு ஒரு கணக்கு உண்டு, அதையும் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது வந்து நிற்கிறவர் எல்லோரும் சுகதேகி. நிற்க முடியாதவர் டிஸ்பென்சரிக்குப் போய்த் துண்டு வாங்கி வந்தால்தான் நோயாளி. துண்டு இல்லாமல் வீட்டில் கிடந்தால் அவர் சோம்பேறி. நானும் அப்படித்தான் வளர்ந்தேன், என் அம்மாவும் அப்படித்தான். கொரோனா வந்ததும் தோட்டத்தில் துப்பாக்கி மாதிரி நெற்றிக்குப் பிடித்துச் சூடு பார்க்கிற துவக்கு ஒன்று வாங்கினார்கள். கணக்குப்பிள்ளை அதைப் பெரட்டில் நின்றவர்களின் நெற்றியில் வரிசையாகப் பிடித்துக்கொண்டு போவார். பனி கொட்டுகிற காலையில், குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிவிட்டு, லயத்திலிருந்து காற்றில் நடந்து வந்தவர்களின் நெற்றி அது. எப்படிச் சூடு காட்டும்? தோட்டம் முழுக்க நெருப்பாகக் கொதித்தாலும் அந்தத் துவக்கு எல்லோரையும் நல்லவர் என்றுதான் சொல்லியிருக்கும். நாங்களோ அதைக் கோவில் திருநீறு மாதிரி நெற்றியில் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வேலைக்குப் போனோம். கொழும்புக் கடை வேலையிலிருந்து நீ ஊருக்கு வந்த மறுநாள் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "அம்மா, அது காட்டுற சூட்ட வச்சுப் பாத்தா நம்ம தலைவரு செத்து ரெண்டு நாளாச்சு" என்றாய். சங்கத் தலைவர் காதிலும் அது விழுந்துவிட்டது.

கொழும்பில் கடைகளையெல்லாம் பூட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், தீபாவளிக்கு வருவதை முன்னுக்கு இழுத்து நீ ஓடி வந்திருந்தாய். உன் உடம்புக்கு ஒன்றுமில்லை. நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம், லயத்துப் பையன்களோடு கரம் விளையாட்டு. எனக்கும் மகன் வீட்டில் இருக்கிறான் என்ற சந்தோஷம். இரண்டு வேளையும் உன் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் தின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் கொழும்புப் புறக்கோட்டை அறையில் உன்னோடு தங்கியிருந்த பையன் போன் எடுத்தான். நீ ஸ்பீக்கரில் போட்டதால் நாங்கள் எல்லோரும் கேட்டோம். "மச்சான், எனக்குப் பொசிட்டிவ்டா. கடையில எல்லாருக்கும் எடுத்தாங்க. ஒரு தும்மல்கூட இல்லடா எனக்கு, நேத்துக்கூடக் கொத்து ரொட்டி வாங்கித் தின்னேன்" என்று அவன் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாய்.

"அம்மா, நாளைக்கு நீங்க புள்ளக்காம்பராவுக்குப் போகாதீங்க. நான் சொகாதார ஆபீசுல பி.எச்.ஐ.க்குப் போன் பண்றேன். எனக்கு எடுத்துப் பாக்கணும், ஒங்களுக்கும் பாக்கணும்" என்றாய். நான் விட்ட சத்தம் மேல் லயத்துக்கும் கேட்டிருக்கும். "கல்லு மாதிரி இருக்க, ஒனக்கு எதுக்குடா சோதன? நீ பாட்டுக்குப் போன் அடிச்சா லயத்தச் சுத்திச் செவப்புப் பட்டி கட்டுவான். தீவாளிக்கு எல்லாருக்கும் பேர் விழாம வயித்துல ஈரத்துணியக் கட்டிட்டா படுக்கிறது? நம்ம வீட்டு வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துவாளுக!" பேர் விழாவிட்டால் நாள் சம்பளம் இல்லை, அதைத்தான் சொன்னேன். என் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். உங்கப்பாவும், "காச்சல் வந்தாப் பாப்போம்டா, வராத நோய எதுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கிற?" என்றார். நீ கோபப்படவில்லை. "காச்சல் வந்தபொறகு தெரியுறதுக்கு எதுக்குப்பா சோதன? தெரியாததுக்குத்தான் சோதன" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "காச்சல் வர்ற வரைக்கும் தர்ஷி அம்மா மடியிலதான இருப்பா?" என்று கேட்டாய். அதற்காக இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

காலையில் நான் பிள்ளைக்காம்பராச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். துண்டு இல்லாமல் எப்படி வீட்டில் நிற்பது? உன்னைத் தூங்குகிறாய் என்று நினைத்தேன். பெரட்டுக்களத்துக்குப் போய்ச் சேர்ந்தால், நீ எனக்கு முன்னால் போய் அங்கே நிற்கிறாய்! கூட்டத்துக்கு எட்டத்தில், வாயில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாய். "என்னோட ரூம்ல இருந்தவனுக்கு இருக்குன்னு சொல்லிட்டாங்க. எனக்கு ஒண்ணும் செய்யல. ஆனா இருக்கலாம். எங்கம்மாவுக்கும் இருக்கலாம். பாத்து முடியிற வரைக்கும் புள்ளைங்கள எங்கம்மாகிட்ட விடாதீங்க." அப்புறம் ஒரேயடியாக எல்லோரும் கத்தினார்கள். தலைவர் முன்னால் வந்து, "காச்சல் இல்லாதவனுக்குச் சோதன எடுத்து இல்லாத நோய உண்டாக்குற வேல இது" என்றார். நீ அவரிடம் ஒன்றைக் கேட்டாய். "தலைவரே, நம்ம வீட்டுல அம்ம போட்டா வாசல்ல வேப்பில கட்டுறோம். எதுக்கு? வேற யாரும் தெரியாம உள்ள வந்துறக் கூடாதுன்னுதான?" நம் குளிருக்கு வேம்பு வராது, வெல்லவாயப் பக்கமிருந்து பஸ்ஸில் சொல்லிவிட்டுத்தான் எடுப்போம், ஆனாலும் கட்டாமல் இருந்ததில்லை. தலைவர் விடவில்லை. "அம்ம ஒடம்புல தெரியுதுடா. இது தெரியுதா?" என்றார். "தெரிஞ்சா நானே கட்டியிருப்பேனே. தெரியாததுனாலதான் பாக்கச் சொல்றேன்" என்றாய். நான் சாவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். சாந்தி எனக்குப் பக்கத்தில், தர்ஷியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னை விட்டுத் தள்ளிப் போனாள். தர்ஷி என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. நான் நீட்டவில்லை.

பி.எச்.ஐ. மாத்தயா நல்ல மனுஷன், ஆனால் அவரும் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. போனில் நீ கெஞ்சியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "தம்பி, சோதனைச் சாமான் கொஞ்சம்தான் இருக்கு. காய்ச்சல் வருத்தம் உள்ள ஆளுக்கே போதாது. வருத்தம் இல்லாத ஆளுக்கு எல்லாம் எடுத்தா எப்பிடி?" என்றார். அவர் சொன்னதிலும் பிழை இல்லையே. தோட்டம் தோட்டமாக எல்லோர் மூக்கிலும் குச்சியை விட்டுக்கொண்டிருக்க எந்த அரசாங்கத்தால் முடியும்? நீயும் அதைக் கேட்கவில்லை. "எல்லாருக்கும் வேணாம் மாத்தயா. எங்கம்மா கைப்புள்ளைங்கள வச்சிருக்கிறவங்க. அதுல ஒண்ணு இருதய நோய்க்காரப் புள்ள" என்றாய். அவர் பிள்ளையின் பெயரைக் கேட்டார். அப்புறம், "சரி, வாறேன். ஒங்க லயத்து ஆளுக்கும் அந்தப் பிள்ளைங்களுக்கும் மட்டும் எடுப்பம்" என்றார்.

சோதனை நடந்த அன்று நம் ஆட்கள் பண்ணிய கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான். பரீட்சைக்குப் போகிற மாதிரி ஆயத்தம்! விடியற்காலையிலேயே உப்புத்தண்ணீரில் தொண்டை கழுவினவர்கள், யூக்கலிப்டஸ் இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடித்தவர்கள், கொத்தமல்லித் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தவர்கள். எல்லாம் பாஸ் பண்ணுவதற்கு. நானும் ஒரு பூண்டை மென்று விழுங்கிவிட்டுத்தான் போனேன். தலைவர் வெள்ளை வேட்டி சட்டையோடு, படம் எடுக்க வந்தவர் மாதிரி கோவில் முற்றத்தில் முதல் ஆளாக உட்கார்ந்தார். குச்சி மூக்கில் ஏறியதும் அவர் போட்ட சத்தத்தில் பிள்ளைகளெல்லாம் சிரித்துவிட்டன.

தர்ஷிக்கு எடுக்கும்போது யாரும் சிரிக்கவில்லை. அவள் அழுது, மூச்சைப் பிடித்து, உதடு நீலமாகிவிட்டது. சாந்தி அவளைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையை எப்படிப் பிடித்தால், முதுகில் எந்த இடத்தில் தடவினால் அடங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கிட்டப் போகக் கூடாதென்று கோவில் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன். பிள்ளை அடங்கி, மூச்சு வந்த பிறகு பார்த்தால் உன் முகத்தில் ரத்தம் இல்லை. "அம்மா, நான் தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தேன்.

முடிவு வந்தது. உனக்கு இல்லை. உங்கப்பாவுக்கு இல்லை. எனக்கு இருந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, முதல் நாள்தான் ஒரு கூடை உடுப்புத் துவைத்துக் காயப் போட்டிருந்தேன். எனக்கு! லயத்தில் இன்னும் சிலருக்கும் இருந்தது. ஒருவருக்கும் நெற்றி சுடவில்லை. தர்ஷிக்கு இல்லை என்று சொன்னார்கள், சில நாள் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்த்தபோதும் இல்லை. நான் மாரியம்மனைக் கும்பிட்டபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரட்டுக்களத்தில் நீ எங்களை மறிக்காமல் இருந்திருந்தால் அன்று முழுக்க அவள் என் மடியில் இருந்திருப்பாள், மறுநாளும் இருந்திருப்பாள். லயத்துக்காரர்களுக்கு அது எதுவும் பெரிதாகப் படவில்லை. "கொண்டாந்தவன் தப்பிச்சுட்டான், ஆத்தாள மாட்டிவிட்டுட்டான்" என்றார்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பி.எச்.ஐ. மாத்தயாவாலேயே சொல்ல முடியவில்லை. உனக்கு வந்து போயிருக்கலாம், அல்லது எனக்கு வேறு எங்கிருந்தோ வந்திருக்கலாம் என்றார். ஊர் வாய்க்கு அதெல்லாம் எதற்கு? லயத்தை மூடினார்கள். தீபாவளி அன்று ஒரு வெடிச் சத்தம் இல்லை. நிவாரண அரிசி வரப் பிந்தியது. என்னை அம்புலன்ஸில் ஏற்றும்போது லயத்து ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன, ஒருத்தியும் கையசைக்கவில்லை. சாந்தி வீட்டு ஜன்னல் மூடியிருந்தது.

நான் போன தனிமைப்படுத்தல் நிலையத்தில் என்னைப் போலவே கல்லு மாதிரி இருந்தவர்கள்தான் நிறையப் பேர். கட்டிலுக்குக் கட்டில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டு, யார் தங்களை மாட்டிவிட்டது என்று கதை பேசிக்கொண்டிருந்தோம். நான் மட்டும் மகன் மாட்டிவிட்டான் என்று சொன்னேன். முதலில் கோபமாகத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பெருமையாக மாறிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் அம்மா, பண்டாரவளையில் கடை வைத்திருப்பவர்கள், "ஒங்க மகன் மாதிரி எங்கட வீட்டுலயும் ஒத்தன் இருந்திருக்கோணும்" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருடைய புருஷன் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

நோய் தெரியாதவர்களுக்குச் சோதனை வேண்டுமா வேண்டாமா என்று படித்தவர்கள் ரேடியோவில் எவ்வளவோ பேசினார்கள், எனக்குப் பாதி புரியவில்லை. எனக்குப் புரிந்தது என் வேலை. கைப்பிள்ளையை வைத்திருக்கிறவள், படுத்த படுக்கையாக இருப்பவரைக் கழுவித் துடைக்கிறவள், இவர்கள் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பார்ப்பதற்கு வழி இருந்தால் பார்க்க வேண்டும். பார்க்கிறவர்களைப் பட்டினி போடவும் கூடாது. லயத்தை மூடுகிறவர்கள் அரிசியோடுதான் வந்து மூடியிருக்க வேண்டும், சோறு போட்டிருந்தால் நம் சனம் உன்னை இவ்வளவு வைதிருக்காது. பசியில் பேசியதை நீ மனதில் வைக்காதே. ஆனால் நீ செய்ததற்காக ஒரு நாளும் தலையைக் குனியாதே. உனக்காக என்றால் நீ பேசாமல் படுத்திருந்திருக்கலாம், உனக்குத்தான் ஒன்றும் இல்லையே. ஊர் முழுக்க எதிர்த்து நிற்கும் என்று தெரிந்தும் பெரட்டில் போய் நின்றாயே, நான் பெற்ற மகன்தானா இவன் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது, உங்கப்பாவுக்கும் கிடையாது. எங்கிருந்து வந்தது உனக்கு? கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் மறைக்க வேண்டிய கதையா இது?

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் திரும்பி வந்தபோது நீ கொழும்புக்குப் போய்விட்டாய், அதனால் நீ அதைப் பார்க்கவில்லை. பிள்ளைக்காம்பராவைத் திறந்தார்கள். நான் காலையிலேயே போய்க் கூட்டிக் கழுவி, தொட்டில் சேலைகளை வெயிலில் போட்டு எடுத்துக் கட்டி வைத்தேன். ஒரு பிள்ளை வரவில்லை. வேலைக்குப் போகிற தாய்மார் வாசலைக் கடந்து போனார்கள். ஒருத்தி மாமியாரிடம் விட்டாள், ஒருத்தி முதுகில் கட்டிக்கொண்டே மலைக்குப் போனாள். என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. மறுநாளும் அப்படித்தான். காலியான தொட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்து, இனி நம்மை யார் நம்புவார்கள், இந்த வேலை இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த நாள் காலை வாசல் இருண்டது. நிமிர்ந்து பார்த்தால் சாந்தி. தலையில் கூடை, இடுப்பில் தர்ஷி. பிள்ளை என்னைக் கண்டதும் துள்ளியது. எனக்குக் கை எழும்பவில்லை. "நல்லா யோசிச்சுத்தான் வந்தியா சாந்தி? ஊரே என்னயப் பாத்துப் பயப்படுது" என்றேன். அவள் குனிந்து தர்ஷியை என் மடியில் வைத்தாள்.

"இந்தத் தோட்டத்துல யாருகிட்ட என்னா இருக்குன்னு எனக்கு எப்பிடி அத்த தெரியும்? ஒங்களுக்கு இருந்துச்சுன்னு தெரியும், இப்ப இல்லன்னும் தெரியும். வேற யார நம்பி நான் எம்புள்ளய விடுறது?" என்று கேட்டுவிட்டு, கூடையைச் சரி பண்ணிக்கொண்டு மலைக்கு ஏறிப் போனாள்.

அன்று கோவில் முற்றத்தில், தப்புப் பண்ணிட்டேனா என்று நீ கேட்ட கேள்விக்கு இதுதானப்பா பதில்.

உன் அம்மா.